ஆம்பைச் சுமப்பதா, பையோடு போவதா? மலையக மேடைகளுக்கான கிட்டார் மூட்டை

போன கிழமை ஒரு தம்பி போன் எடுத்துக் கேட்டார். "அண்ணே, அடுத்த மாசம் நுவரெலியாவில ஒரு ரெஸ்டோரண்ட்ல ரெண்டு மணித்தியாலம் தனியா வாசிக்கணும். அதுக்கு அடுத்த கிழமை எங்க தோட்டத்துத் திருவிழா, குழுவோட. ஆம்பையும் கொண்டு போகவா? பெடல் எல்லாம் தேவைப்படுமா?"

ஆம்ப் என்பது கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் பெட்டி, பெடல் என்பது காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி. இதே கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். காணொளிகளில் இதற்குப் பட்டியல்கள் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பட்டியல்கள் கார் டிக்கியில் தொடங்குகின்றன. நம்முடையது ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் தொடங்குகிறது. அதனால் நம் ஊர் வழிகளையும் நம் ஊர் மேடைகளையும் வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

கடைசி அரைக் கட்டைத் தூரம். ஹட்டன் வரைக்கும், பண்டாரவளை வரைக்கும் எதையும் கொண்டு போய்விடலாம். பெரிய ரோட்டில் இருந்து மேடை வரைக்கும் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. படிக்கட்டா, கல் பெயர்ந்த தோட்டத்து ரோட்டா, மழை பெய்தால் ஆட்டோ ஏற மறுக்கும் மேடா? ராத்திரி ஒரு மணிக்கு அதே வழியில் இறங்கவும் வேண்டும். அப்போது உதவிக்கு வந்த பையன்கள் தூங்கப் போயிருப்பார்கள்.

கரண்ட். மண்டபமா, ஜெனரேட்டரா, கோயிலில் இருந்து இழுத்த ஒற்றை வயரா? பிளக் சதுரப் பின்னா, உருண்டைப் பின்னா?

அங்கே மிக்சர் (மைக், வாத்தியம் எல்லாம் வந்து சேரும் சவுண்ட் பெட்டி) யாருடையது? சவுண்ட்காரர் வருகிறாரா, அவரிடம் வாசிப்பவருக்கே கேட்பதற்கான மொனிட்டர் ஸ்பீக்கர் எத்தனை, அதில் ஒன்றாவது உங்கள் பக்கம் திரும்புமா?

ஈரமும் குளிரும். இதைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒன்று செத்துப்போனால் என்ன நடக்கும்? போகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றில் ராத்திரி எட்டு மணிக்கு அடாப்டர் எரிந்தால், வேறொன்று வாங்கக் கண்டிக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டும்.

சத்தம் எப்படி இருக்கும் என்பதை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். மேலே உள்ள ஐந்தில் தோற்ற மூட்டை எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் அன்றைக்கு ஒலிக்கப் போவதில்லை.

## ஈரம், குளிர்: இங்கே கணக்கு வேறு

வெளிநாட்டுப் பட்டியல் எதைப் பார்த்தாலும் கிட்டார் பெட்டிக்குள் ஈரப்பதமூட்டி ஒன்று வைக்கச் சொல்வார்கள். அவர்களுடைய குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போடுவதால் காற்று காய்ந்து மரம் வெடிக்கும். நமக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். வட்டவளை, கினிகத்தேனை பக்கம் ஆடி மாதத்தில் வீட்டுச் சுவரே வியர்க்கும். இங்கே பெட்டிக்குள் வைக்க வேண்டியது சிலிக்கா ஜெல். சப்பாத்துப் பெட்டியில் வருகிற குட்டிப் பைகளைச் சேர்த்து வையுங்கள், பத்துப் பன்னிரண்டு இருந்தால் நல்லது.

மழையும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் நனையும். வடகிழக்குப் பருவத்தில், முக்கியமாக டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, பதுளை, பண்டாரவளை பக்கம் நனையும். நுவரெலியா ஏப்ரல் சீசனில் காலை வெயிலை நம்பி வெளியே மேடை போடுவார்கள், பின்னேரம் இடி இடிக்கும். இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பாட்டு பிறகு பாடலாம்.

ஏறுகிற உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. கண்டி சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். காலையில் கண்டி வெக்கையில் சுருதி சேர்த்த கிட்டார், ராத்திரி நுவரெலியாக் குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறி நிற்கும். மேடை விளக்கு சூடேறினால் இறங்கும். வாசிக்க அரை மணித்தியாலத்துக்கு முன்பே பையைத் திறந்து கிட்டாரை அந்த இடத்துக் காற்றுக்குப் பழக்கிவிட்டு, அப்புறம் சுருதி சேருங்கள். இறங்கும்போது இதற்கு எதிர்மாறு: குளிர்ந்த கிட்டாரைக் கொழும்பு வெக்கையில் சடாரென்று திறந்தால் கண்ணாடிக் கிளாஸ் போல வியர்க்கும். பை மூடியபடியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

விரலும் விறைக்கும். அதற்கு மருந்து தேத்தண்ணிக் கோப்பை. குடிப்பதை விடக் கையில் பிடித்திருப்பதுதான் முக்கியம்.

சரி, மூட்டைகளுக்கு வருவோம்.

## முதல் பை: அகூஸ்டிக்கும் ஒரு டி.ஐ. பெட்டியும்

பிக்கப் (கம்பியின் ஒலியை மின் சிக்னலாக்கும் பாகம்) பொருத்திய அகூஸ்டிக் கிட்டார், கேபிள் இரண்டு, டி.ஐ. பெட்டி, சுருதி ஏற்றக் கழுத்தில் மாட்டும் கேப்போ, டியூனர். எல்லாம் சேர்த்து நாலைந்து கிலோ. முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம், ஆட்டோவில் மடியில் வைக்கலாம், ரயிலில் மேல்தட்டில் போடலாம்.

டி.ஐ. பெட்டி எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கிட்டார் கேபிள் ஐந்தாறு மீற்றர் தாண்டினால் மேல் சுருதியின் மினுக்கம் குறையத் தொடங்கும், இரைச்சலும் ஏறும். மிக்சர் மண்டபத்தின் கடைசியில் இருந்தால் முப்பது மீற்றர் இழுக்க வேண்டி வரும். டி.ஐ. பெட்டி அந்தச் சிக்னலை மைக் வயரில் போகக்கூடியதாக மாற்றித் தருகிறது. சவுண்ட்காரரிடம் மைக் வயர் எப்போதும் இருக்கும், டி.ஐ. பெட்டி பெரும்பாலும் இருக்காது. ஒரு கவனம்: உங்கள் கிட்டாரில் சிக்னலைக் கூட்டித் தரும், பேட்டரி போடும் ப்ரீஆம்ப் இருந்தால் கரண்ட் தேவையில்லாத பாசிவ் டி.ஐ. போதும். ப்ரீஆம்ப் இல்லாத வெறும் பியசோ பிக்கப் என்றால் ஆக்டிவ் டி.ஐ. வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் தகரத்தில் தட்டுவது போல மெலிந்துபோகும். ஆக்டிவ் பெட்டிக்கு மிக்சரில் இருந்து மைக் வயர் வழியாக 48 வோல்ட் கரண்ட் (பேண்டம் பவர்) வர வேண்டும். அல்லது உள்ளே பேட்டரி இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி. கிட்டாரில் கேபிளைச் செருகியதுமே ப்ரீஆம்ப் வேலை செய்யத் தொடங்கும், வாசிக்காவிட்டாலும் பேட்டரி குறைந்துகொண்டே போகும். சவுண்ட் செக் முடிந்ததும் கேபிளைக் கழற்றாமல் சாப்பிடப் போகிறவர்கள்தான் இரண்டாம் பாட்டில் மௌனமாகிறார்கள். தோட்டத்துக் கடையில் கிடைக்கும் மலிவு பேட்டரி பெரும்பாலும் சாதாரண கார்பன் வகை, அல்கலைன் தருகிற நேரத்தில் பாதி கூடத் தராது. டவுனில் இருந்தே இரண்டு வாங்கிப் போங்கள்.

இந்தப் பை தோற்கும் இடம் சத்தமான குழு. ட்ரம்ஸ், கீபோர்டு, பெரிய பேஸ் ஸ்பீக்கர் என்று வந்துவிட்டால் கிட்டாரின் வயிறு அந்தச் சத்தத்தை வாங்கி "ஊ..." என்று ஊளையிடும். துளையை மூடும் ரப்பர் மூடி ஒன்று பையில் இருந்தால் பாதி குறையும். மீதிக்கு பேஸைக் குறைக்க வேண்டும். அப்போது அகூஸ்டிக்கின் அழகும் போய்விடும்.

எங்கே இதுதான் சரி: எல்ல, நுவரெலியா ரெஸ்டோரண்டுகள், நத்தார் கரோல், கல்யாண வரவேற்பின் முதல் ஒரு மணித்தியாலம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடும் எந்த இடமும்.

## இரண்டாம் பை: எலக்ட்ரிக்கும் மல்டி எஃபெக்ட்ஸும்

எலக்ட்ரிக் கிட்டார் மூன்றரைக் கிலோ, மல்டி எஃபெக்ட்ஸ் (பல பெடல்களின் வேலையைச் செய்யும் ஒரே டிஜிட்டல் பெட்டி) ஒன்று, கேபிள்கள். ஆறேழு கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆம்ப் கிடையாது, மல்டி எஃபெக்ட்ஸில் இருந்து நேராக மிக்சருக்கு.

தோட்டத்துத் திருவிழாவுக்கும் மண்டபத்துக் கல்யாணத்துக்கும் என் ஓட்டு இதற்குத்தான். அதற்குச் சத்தத்தை விடக் கரண்ட்தான் காரணம்.

பிரட்டுக்களத்தில் (காலையில் தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரிக்கும் வெளியில்) மேடை போட்டு ஜெனரேட்டரில் வாசிப்பவர்களுக்குத் தெரியும், பாட்டின் நடுவில் விளக்கு ஒரு கணம் மங்கி எரியும். பழைய அனலொக் பெடல் அதைக் கண்டுகொள்ளாது. அடாப்டரில் ஓடும் டிஜிட்டல் பெட்டி அணைந்து மீண்டும் விழித்து எழும். அது பத்து விநாடியாக இருந்தாலும் மேடையில் பத்து நிமிசம் போல இருக்கும். அதனால் பேட்டரியிலும் ஓடக்கூடிய மல்டி எஃபெக்ட்ஸைத் தேடி வாங்குங்கள். ஸூம் ஜி1 ஃபோர் நாலு பென்டோர்ச் (AA) பேட்டரியில் ஓடும்; பென்டோர்ச் பேட்டரி எந்த லயத்துக் கடையிலும் கிடைக்கும். ஜெனரேட்டர் என்ன ஆட்டம் ஆடினாலும் உங்கள் பெட்டிக்குக் கவலை இல்லை. பவர் பேங்கில் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். சில பெட்டிகளுக்குச் சரிவரும். ஆனால் சில பவர் பேங்குகள் இழுக்கும் மின்னோட்டம் குறைவாக இருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். வீட்டில் ஒரு மணித்தியாலம் சோதித்துப் பார்க்காமல் மேடைக்குக் கொண்டு போக வேண்டாம்.

இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் கேபிளின் வெளி வயர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. உங்கள் ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியாக இல்லாவிட்டால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது இரண்டுக்கும் இடையில் நீங்கள்தான் வயர். ஆம்ப் இல்லாமல் பேட்டரிப் பெட்டியில் இருந்து நேராக மிக்சருக்குப் போனால் கம்பியும் மைக்கும் ஒரே எர்த்தைப் பகிர்கின்றன. அந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. முழுதாகப் போய்விடாது. மிக்சரிலேயே கரண்ட் கசிந்தால் நனைந்த தரையில் நிற்கிற காலுக்குத்தான் அடி. கோயில் மேடையில் செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும். ஆகவே மடித்து வைக்கக்கூடிய ரப்பர் பாய் ஒன்று என் பையில் எப்போதும் உண்டு. ஒரு டெஸ்டரும் உண்டு. மைக்கின் கம்பி வலையில் அதை வைத்துப் பார்த்து, எரிந்தால் அன்றைக்கு வாய் திறப்பதில்லை. எரியாவிட்டால் எல்லாம் சரி என்றும் அர்த்தமில்லை, மைக்குக்குப் பஞ்சு உறை போட்டுக்கொள்வேன். இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டி.ஐ. பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அது இதற்காகத்தான்.

இந்தப் பைக்கும் மறைந்த செலவுகள் உண்டு. முதலாவது, வீட்டில் ஹெட்போன் மாட்டிச் செய்த பேட்ச் (பெட்டியில் சேமித்த சத்த அமைப்பு) மேடையில் சேறு மாதிரி ஒலிக்கும். எதிரொலி பாதிக்குக் குறைய வேண்டும், பேஸ் குறைய வேண்டும், நடு ஒலி ஏற வேண்டும். இதைப் பழக இரண்டு மூன்று நிகழ்ச்சி வீணாகும் என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள். இரண்டாவது, கேபினெட் சிமுலேஷன் என்ற, ஆம்ப் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் அமைப்பு மிக்சருக்குப் போகும்போது போட்டிருக்க வேண்டும். மறந்தால் டிஸ்டோர்ஷன் (கரகரப்பான ராக் சத்தம்) பேணிக்குள் அகப்பட்ட குளவி போல இருக்கும். ஆம்புக்குப் போகும்போது அதை அணைக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சையும் இரண்டு விதமாகச் சேமித்து வைப்பது நல்லது.

மூன்றாவதுதான் பெரிது: உங்களுக்கே உங்கள் சத்தம் கேட்காது. தோட்டத்து மேடையில் மொனிட்டர் ஒன்றோ இரண்டோதான், இரண்டும் பாடகருக்கு. சனத்துக்குக் கேட்கிறதா என்று தெரியாமலே நீங்கள் வாசிப்பீர்கள். இதற்கு நான் கண்ட வழி பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்பைக் காலடியில் வைத்து, அதை என் மொனிட்டராகப் பயன்படுத்துவது. ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் போன்றது ஐந்து கிலோவைச் சற்றுத் தாண்டும், ஆறு பென்டோர்ச் பேட்டரி போதும். அதையும் சேர்த்தால் பை பன்னிரண்டு கிலோ ஆகிறது. ஒரு கையில் தூக்கலாம், மறு கையில் குடை.

## மூன்றாம் மூட்டை: பெடல்போர்டும் சொந்த ஆம்பும்

எனக்கு ஆம்ப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். ஒரு நல்ல ஆம்ப் முதுகுக்குப் பின்னால் நின்று காற்றைத் தள்ளும்போது கை வேறு மாதிரி வாசிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பொஸ் கட்டானா 50 போன்ற சாதாரண ஆம்பே 11 கிலோவுக்கு மேல். பலரும் ஆசைப்படும் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் 22 வோட்தான், எடை 19 கிலோ அளவில். பெடல்களை வரிசையாகப் பொருத்திய பெடல்போர்டு ஆறேழு கிலோ. கிட்டாரோடு சேர்த்து இருபது முதல் முப்பது கிலோ.

என் முதல் வால்வு ஆம்ப் கனடாவில் இருக்கும் மாமா வந்தபோது விட்டுச் சென்றது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் அன்றோடு ஆம்ப் முடிந்தது. அதனால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் ஒன்று வாங்கினேன். அதுவே ஏழு கிலோவாவது இருக்கும். ஜப்பானில் இருந்து வரும் பழைய ஆம்ப் என்றால் 100 வோல்ட், கதை அதேதான். வாங்கும்போது மலிவாகத் தெரியும் ஆம்பின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள்.

அந்த ஆம்பை ஒரு திருவிழாவுக்குக் கொண்டு போனேன். மழையில் ரோடு அறுந்திருந்ததால் ஆட்டோ போக்குக்குப் (தண்ணி போகும் சின்னப் பாலத்துக்குப்) பக்கத்திலேயே நின்றுவிட்டது. எங்களைக் கூட்டிப்போக வந்த இரண்டு பையன்கள் ஆம்பைத் தலையில் வைத்து, மேலே படங்கைப் போர்த்தி, கொழுந்து மூட்டை மாதிரி மேல் கணக்குக்கு (தோட்டத்தின் மேல் பிரிவுக்கு) ஏற்றினார்கள். மேடையில் இருந்த ஒரே பிளக் உருண்டைப் பின். என்னுடையது சதுரப் பின். யாரோ வீட்டுக்கு ஓடி அயன் பெட்டிக்குப் போட்டிருந்த அடாப்டரைக் கழற்றி வந்தார்கள். அன்றைக்கு நான் வாசித்தது நன்றாக இருந்ததாம். எனக்கு ஞாபகம் இருப்பது காலில் ஏறிய அட்டைகள் மட்டும்தான்.

பெடல்போர்டைப் பற்றி ஒன்று. ஆறு பெடல் என்றால் இடையில் ஐந்து குட்டிக் கேபிள், பத்து முனைகள், அதற்கு மேல் மின்சாரக் கம்பிகள். ரம்பொடை வளைவுகளில் குலுங்கி வந்த பிறகு இவற்றில் எது தளர்ந்திருக்கிறது என்று இருட்டில் தேட வேண்டும். ஒரே அடாப்டரில் இருந்து எல்லாவற்றுக்கும் சங்கிலியாகக் கொடுத்தால் அதில் ஒரு முனை ஷோர்ட் ஆனாலும் முழு வரிசையும் படுக்கும், டிஜிட்டல் பெடல் ஒன்று சேர்ந்தால் விசிலும் அடிக்கும். கொண்டு போவதென்றால் மூன்று பெடலுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. டியூனர், சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், எதிரொலி தரும் டிலே. எங்கள் பக்கம் கேட்கும் பாட்டுகளுக்கு அது தாராளம். எண்பதுகளின் திரைப்பாட்டுக்கும் பைலாவுக்கும் சுத்தமான சத்தமும் நேரம் தவறாத வலது கையும்தான் வேண்டும்.

எங்கே இதுதான் சரி: குழுவுக்கென்று வேன் இருந்து, அது மேடைப் படி வரைக்கும் போகும் என்றால், கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற டவுன் மண்டபத்தில் எர்த் உள்ள பிளக்கும் ட்ரிப் சுவிட்சும் இருந்தால், மிக்சரில் கிட்டாருக்கு இடமில்லாமல் பாட்டுக்கு மட்டும் சவுண்ட் போடும் சின்ன மண்டபமானால். கடைசியாகச் சொன்னது முக்கியம். அங்கே மற்ற இரண்டு பைகளும் கிட்டத்தட்ட ஊமை. மறைந்த செலவு வேன் கூலியும், தூக்க வருகிற ஆளுக்கான சாப்பாடும், அடுத்த நாள் முதுகும்.

## நாலாவது வழி: "அங்க ஆம்ப் இருக்கு தம்பி"

ஏற்பாட்டாளர் இப்படிச் சொன்னால் சந்தோசப்படுவதற்கு முன் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். கீபோர்டு ஆம்பாக இருக்கலாம், பேஸ் ஆம்பாக இருக்கலாம், பாடசாலை அசெம்ப்ளிக்கு வைத்திருக்கும் ஸ்பீக்கராகவும் இருக்கலாம். ஒருமுறை எனக்குக் காட்டப்பட்ட "ஆம்ப்" புளூடூத் பெட்டி. மல்டி எஃபெக்ட்ஸ் கையில் இருந்தால் இந்த எல்லாவற்றிலும் எப்படியாவது சமாளிக்கலாம். வெறும் கிட்டாரோடு இந்த வாக்கை நம்பிப் போகாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | அகூஸ்டிக் + டி.ஐ. | எலக்ட்ரிக் + மல்டி | பெடல்போர்டு + ஆம்ப் |
|---|---|---|---|
| எடை | 4–5 கிலோ | 6–7 கிலோ, சிறு ஆம்போடு 12 | 20–30 கிலோ |
| பயணம் | பஸ், ரயில், நடை | பஸ், ஆட்டோ | வேன் |
| மேடைக் கரண்ட் | தேவையில்லை | பேட்டரிப் பெட்டி என்றால் தேவையில்லை | எர்த் உள்ள பிளக் கட்டாயம் |
| மிக்சர் இல்லாவிட்டால் | பிக்கப் இல்லாமலே சின்ன இடத்தில் வாசிக்கலாம் | சிறு ஆம்ப் இருந்தால் ஓரளவு | பிரச்சினை இல்லை |
| சத்தமான குழு | ஊளையிடும் | சரி | மிகச் சரி |
| பழுதானால் | பேட்டரி, கம்பி மட்டும் | பெட்டி போனால் எல்லாம் போகும் | தேடியே நேரம் போகும் |

இரண்டாம் பையின் கடைசிக் கட்டத்துக்கு ஒரு மாற்று இருக்கிறது. ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைத் தனியாகப் பையில் போட்டுக்கொண்டால், பெரிய பெட்டி செத்தாலும் கிட்டாரை அதன் வழியாக டி.ஐ. பெட்டிக்கு விட்டு, கரகரப்பைக் குறைத்து வாசித்து முடித்துவிடலாம். அதன் எடை அரைக் கிலோ கூட வராது.

## எந்தப் பையானாலும் உள்ளே போக வேண்டியவை

கம்பி ஒரு முழு செட், அத்தோடு மெல்லிய முதல் இரண்டு கம்பிகள் தனியாக இரண்டிரண்டு. அறுவது பெரும்பாலும் அவைதான். இந்த ஈரத்தில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துரு ஏறும். பூச்சுப் போட்ட கம்பி விலை கூட, ஆனால் மாதம் இரண்டு மூன்று நிகழ்ச்சி செய்பவருக்குக் கடைசியில் அதுதான் மலிவு. புதுக் கம்பியை நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே போடுங்கள், அன்றைக்குப் போட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் இறங்கும்.

பின் மாற்றும் அடாப்டர் இரண்டு வகையும். புதிய கட்டடங்களில் சதுர 13 அம்பியர் பின். பழைய தோட்டத்துக் கட்டடங்களிலும் கோயில்களிலும் இன்னும் உருண்டைப் பின் நிறைய. ஐந்து மீற்றர் எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்று. பிளக் எப்போதும் மேடையின் மறுபக்கத்தில்தான் இருக்கும், ஏன் என்று தெரியாது.

கேபிள் ஒன்று கூடுதலாக. கட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், இன்சுலேஷன் டேப், தலையில் மாட்டும் டோர்ச். பாட்டு வரிசையைப் போனில் மட்டும் வைக்காமல் பேப்பரிலும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஒரு டவல். அட்டைக்கு ஒரு துண்டு சவர்க்காரம்.

பெட்டியா, பஞ்சு வைத்த பையா என்று கேட்டால், சொந்த வேன் இல்லாதவருக்குப் பை. பஸ்ஸில் கடினப் பெட்டியை நிறுத்த இடமே கிடைக்காது. பையை முழங்காலுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளலாம். டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள எஞ்சின் மூடியில் மட்டும் சாய்க்க வேண்டாம். ஏற்றத்தில் அது அடுப்பு மாதிரி சூடாகும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டையை ஒட்டிய பசை இளகிப்போன ஒரு கிட்டாரைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மழைக்குப் பையோடு வரும் மெல்லிய உறையை நம்பாதீர்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஹட்டன் மழைக்கு அதை விட நல்லதை நான் பார்க்கவில்லை.

மாற்றுக் கிட்டார்? குழுவில் வேறொருவரிடம் ஒன்று இருந்தால் போதும். இரண்டு கிட்டாரைச் சுமக்கிற அளவுக்கு நம் நிகழ்ச்சிகளில் கூலி கிடைப்பதில்லை.

## தம்பிக்குச் சொன்னது

ரெஸ்டோரண்டுக்கு முதல் பை. ஆனால் போக முன் போன் எடுத்து மூன்று கேள்வி: மிக்சர் இருக்கா, இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் மைக் வயர் செருக இடம் இருக்கா, உட்கார்ந்து வாசிக்கிற இடம் வெளியிலா உள்ளேயா? வெளியில் என்றால் ஜெர்சி இரண்டு.

திருவிழாவுக்கு இரண்டாம் பை, பேட்டரி ஆம்போடு. அவரிடம் மல்டி எஃபெக்ட்ஸ் இல்லை, நாலு பெடல்தான் இருக்கிறது. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம் என்றேன். ஓவர்டிரைவும் டியூனரும் மட்டும் எடுத்து, சின்ன ஆம்பின் முன்னால் ஒரு மைக்கை வைக்கச் சொன்னேன். பாடுகிற மைக்கே போதும், ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில், நடுவில் இருந்து கொஞ்சம் விலக்கி. பாடகருக்குக் கேட்கும் மொனிட்டரில் கிட்டாரைக் கூட்டச் சொல்லி அன்றைக்குச் சண்டை பிடிக்க வேண்டியிருக்காது.

நேற்று மறுபடியும் போன் எடுத்தார். ரெஸ்டோரண்டில் கேட்டுவிட்டாராம். மிக்சர் இருக்கிறது, இடம் உள்ளேதான், பிளக் உருண்டைப் பின். "அடாப்டர் வாங்கிட்டேன் அண்ணே, ரெண்டு" என்றார்.